ஆசாரி செய்த சப்வூஃபர்: டெல்டா ஈரத்தில் 2019 முதல் இன்று வரை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2019-லிருந்து இரண்டு சப்வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்கள்) ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் 12 அங்குலம், இரண்டும் ஓட்டை இல்லாத மூடிய பெட்டி, பெட்டி செய்தவர் உள்ளூர் ஆசாரி. ஹோம் தியேட்டருக்கு சப்வூஃபரைக் கடையில் வாங்குவதா, நாமே செய்வதா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எந்த டிரைவர் (பெட்டியில் பொருத்தும், ஒலி எழுப்பும் கூம்பு) என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் எந்தப் பலகை, கூடத்தில் எந்த இடம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். காவிரி டெல்டாவில் முதலில் வீணாவது பெட்டிதான். நல்ல ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் வைத்த இடம்தான்.

முதலில் பலகை. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) போடுகிறார்கள். அடர்த்தி சீராக இருக்கும், வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும், அதிர்வும் குறைவு. அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவரே வியர்க்கிறது. துவைத்த வேட்டி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஆசாரியிடம் எம்டிஎஃப் என்றதும், "தம்பி, அந்தத் தூள் பலகைல ஒரு துண்ட ராத்திரி தண்ணில போட்டு வையி, காலைல பேசுவோம்" என்றார். எம்டிஎஃப் ஒரு துண்டு, மரைன் பிளைவுட் ஒரு துண்டு, இரண்டையும் வாளியில் போட்டோம். விடிந்து பார்த்தால் எம்டிஎஃப் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி நகம் இறங்கியது. பிளைவுட் ஓரம் கறுத்திருந்ததே தவிர, டேப்பை வைத்தால் அதே 18 மிமீ.

ஆகவே ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளைதான். அந்தத் தரத்துக்கான சோதனையில் பலகையை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தும் ஒட்டு விடக்கூடாது. கடைக்காரர் "303-ம் நல்லாத்தான் இருக்கும்" என்பார். அது சாதாரண பிளைக்கான ஐஎஸ் 303 தரம்; அலமாரிக்கு இருக்கலாம். உள்ளே காற்று அமுங்கி அமுங்கி விரியும் பெட்டிக்கு ஒட்டு விடாத பலகை வேண்டும்.

கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் 1961-ல் நெவில் தீல் எழுதியதும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் தொடர்ந்து எழுதியதும்தான் இன்றும் அடிப்படை. டிரைவருடன் வரும் தாளில் எஃப்எஸ் (டிரைவர் இயல்பாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும் என்ற எண்), வாஸ் (டிரைவரின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கொள்ளளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். என்னுடையதில் முறையே 28 ஹெர்ட்ஸ், 0.45, 70 லிட்டர். வாஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 45 லிட்டர் பெட்டிக்கு 1.6 வருகிறது. அதை க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் 0.72. இந்த எண் 0.7-ஐ ஒட்டி இருந்தால் ஒலி மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இறங்கும். அதே 1.6-ஐ 28-ஆல் பெருக்கினால் 45 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் குறையும். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டாலும் இதே விடைதான். டிரைவரின் காந்தமும் குறுக்குச் சட்டங்களும் அடைக்கும் இடத்தைச் சேர்த்து, உள்ளளவு எல்லாப் பக்கமும் 37 செமீ வைத்தோம். முன்பலகை மட்டும் இரட்டை. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று கிட்டத்தட்ட முழுதாகப் போனது.

வட்ட ஓட்டையை ஆசாரி வெட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மையத்தில் ஓர் ஆணி, நூல் கட்டிய பென்சில், ஒரே சுற்று. ஜிக்சாவைக் கோட்டுக்கு உள்ளே ஒரு நூலளவு விட்டே ஓட்டினார். மீதியை அரத்தால் ராவி, டிரைவரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து, விளிம்பு சுற்றிலும் சமமாக உட்கார்ந்த பிறகுதான் எழுந்தார். மர ஸ்க்ரூ போட விடவில்லை. நாலு தடவை கழற்றி மாட்டினால் பிடி போய்விடும் என்று பின்னால் டி-நட் பதித்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டார். அதன் அருமை போன வருஷம் டிரைவரைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு போல்ட்டில்கூடத் துரு இல்லை. இணைப்புகளுக்கு ஃபெவிகால் மரைன், உள்மூலைகளில் பியூ சீலண்ட், உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட்டு பிரைமர். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு தேவையில்லை. தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு போதும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 25 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்புகள் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை நேராகப் போனால் சரி. ஓரிடத்தில் துடித்தால் அங்கே கசிவு. எனக்கு வயர் போகும் டெர்மினல் தட்டருகே துடித்தது. சீலண்ட் வைத்ததும் நின்றது.

திருவாரூரில் இருக்கும் என் மச்சான் இதே டிரைவரைக் குழாய் வைத்த பெட்டியில் போட்டார். 110 லிட்டர், 22 ஹெர்ட்ஸ் டியூனிங் (குழாய்க் காற்று அதிரும் அதிர்வெண்), அதற்கு 110 மிமீ பிவிசி குழாய் 40 செமீ நீளம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் குழாய்தான். 25 ஹெர்ட்ஸில் அவருடையது என்னுடையதைவிட நிச்சயம் பலமாக வருகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெட்டி பெரிது, சத்தம் ஏற்றினால் குழாயில் காற்று இரைகிறது. மழைக்காலத்தில் அந்த இருட்டுக் குழாய் பல்லிக்கும் கரப்பானுக்கும் எறும்புக்கும் வீடாகிவிடுகிறது. அவர் வலை ஒட்டினார், இரைச்சல் கூடியது. டியூனிங்குக்குக் கீழே கூம்பு கட்டுப்பாடில்லாமல் ஆடும் என்பதால் வடிகட்டியும் வேண்டும். வயல் சூழ்ந்த வீடென்றால் நான் மூடிய பெட்டியைத்தான் சொல்வேன்.

டிரைவரைப் பற்றி ஒன்றே ஒன்று. கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமாக இருந்தால் தொடாதீர்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதை நாளடைவில் பொடியாக்கிவிடும். ரப்பர் வளையம் வாங்குங்கள். என் இரண்டிலும் இன்றுவரை ஒரு வெடிப்பில்லை.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒட்டாமல் தனியாக இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் உள்ள கிளாஸ்-டி போர்டு. இரண்டு சேனல், ஒவ்வொரு சப்புக்கும் ஒன்று. 4 ஓமில் 315 வாட் என்று அதன் தாளில் இருப்பது 10 விழுக்காடு சிதைவில். 1 விழுக்காட்டில் 260, அதுவும் முழு வோல்டேஜ் கொடுத்தால். நான் 48 வோல்ட்தான் கொடுக்கிறேன், அதற்கும் குறைவாகவே வரும், அது எனக்குத் தாராளம். பெட்டியின் மேல் 5000 வாட் பிஎம்பிஓ என்று அச்சடித்து விற்பதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள், அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

கரண்ட் விஷயத்தில் நம் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். போன கரண்ட் திரும்பும்போது ஒரு தூக்கு தூக்கும். முதலில் வாங்கிய எஸ்எம்பிஎஸ் (ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) அப்படி ஓர் இரவில் புகைந்தது. அடுத்ததுக்கு முன்னால் ஸ்டெபிலைசரும், கரண்ட் வந்து சில நிமிடம் கழித்தே இணைப்புக் கொடுக்கும் டைமரும் போட்டேன். அது இன்னும் உழைக்கிறது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம், கூடவே டிஷ் கேபிளையும். அந்தக் கேபிள் வழியாகத்தான் ஆரம்பத்தில் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்துகொண்டிருந்தது. செட்-டாப் பாக்ஸுக்கு முன்னால் ஐசொலேட்டர் போட்டதும் அடங்கியது.

இனி இடம். எங்கள் கூடம் 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை எந்த அதிர்வெண்ணில் எதிரொலித்துப் பெருக்கும் என்று தெரிந்துவிடும். நீளத்துக்கு 28 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56. நீளத்தின் இரண்டாவது படியும் (28-ன் இரு மடங்கு) 56-தான், ஏனென்றால் நீளம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு பங்கு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், மொசைக் தரை. ஒலியின் பெரும்பகுதி உள்ளேயே எதிரொலிக்கும். டிவிக்குக் கீழே ஒரே ஒரு சப்பை வைத்து ஓட்டியபோது எந்தப் படத்திலும் லாரி போனால் லாரி, இடி இடித்தால் இடி, எல்லாமே ஒரே 'பூம்'.

இங்கேதான் இரண்டு சப் கைகொடுக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் அந்தத் திசையின் முதல் எதிரொலியை ஒன்றையொன்று கழித்துவிடும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி, எத்தனை சப்வூஃபர், எங்கே என்று இதை முறையாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நான் இரண்டையும் பக்கச் சுவர்களில், டிவி சுவரிலிருந்து 5 அடி தள்ளி, நேருக்கு நேர் வைத்தேன். அகலத்தின் 47 அடங்கியது. 5 அடி என்பது நீளத்தில் கால் பங்கு; நீளத்தின் இரண்டாவது படிக்கு அந்த இடத்தில் அழுத்தமே இல்லை, ஆகவே சப் அதைக் கிளப்ப முடியாது. 56-ல் மிச்சம் இருப்பது உயரத்தினது மட்டும். அதை மினிடிஎஸ்பி என்ற ஒலி திருத்தும் கருவியில் ஒரு பட்டையாகக் குறைத்தேன். சோபாவை 13 அடியில் போட்டோம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 28 ஹெர்ட்ஸ் காணாமல் போகும், பின்சுவரை ஒட்டினால் மிதமிஞ்சி வரும். ஒலி அளக்கும் யூஎம்ஐகே-1 மைக்கும், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் இதையெல்லாம் திரையில் கோடாகவே பார்க்கலாம். என்னைக் கேட்டால் இன்னொரு பெரிய டிரைவரைவிட இந்த மைக் எத்தனையோ மடங்கு பயன். 45 ஹெர்ட்ஸில் இறங்கத் தொடங்கும் ஒலியை 30 வரை நீட்ட 7 டெசிபல் கூட்டியிருக்கிறேன், அதற்கு ஐந்து மடங்கு சக்தி போகிறது. 25 வரை நீட்டினால் பத்து மடங்குக்கு மேல். பேராசை வேண்டாம் என்று 30-லேயே நிறுத்திக்கொண்டேன். ஏவிஆரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர்) எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழுள்ளது சப்புக்குப் போகும்), எல்எஃப்இ என்ற படத்தின் தனி பேஸ் தடத்துக்கு வடிகட்டி 120. சப்பில் தனியாக வடிகட்டி எதுவும் இல்லை.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதற்கு எனக்கு அளவுகோல் தவில். திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது தவில்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறவர்களுக்குத் தெரியும். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) விரல் கூடுகள் சடசடவென்று விழும்போதே, தொப்பியில் (இடப்பக்கம்) கழி பட்ட அடி நெஞ்சில் இறங்கி அங்கேயே முடிந்துவிடும். வால் இருக்காது. சரியாக அமையாத சப்பில் அந்த அடி அடுத்த அடி வரும்வரை இழுத்துக்கொண்டே கிடக்கும், தாளக் கணக்குகள் எல்லாம் குழம்பிவிடும். இப்போது எங்கள் கூடத்தில் தொப்பியின் அடி விழுந்த இடத்திலேயே நிற்கிறது. முடிப்புக் கோவையான தீர்மானம் வைக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி கேட்கிறது. படத்தில் வெடிச்சத்தம் அதிர்வதைவிட இதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அப்பா படம் பார்க்க உட்காருவதில்லை, தனி ஆவர்த்தனம் போட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்.

இத்தனை வருஷத்தில் பழுதானவை: பெட்டிமேல் ஒட்டிய மைக்கா இரண்டு மூலைகளில் மழைக்காலத்தில் எழும்பியது. மறுபடி செய்தால் மைக்கா வேண்டாம், வார்னிஷ் மட்டும் போடுவேன். சம்பா அறுவடை முடிந்து வரும் வைக்கோல் தூசு ஆம்ப்ளிஃபயர் ஃபேனை அடைக்கிறது. மாசி பிறந்ததும் திறந்து பிரஷ்ஷால் தட்டுவது வழக்கமாகிவிட்டது. பெட்டிகள் இரண்டு அங்குல ரப்பர் கால்களில், சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி நிற்கின்றன. வீடு கழுவினாலும் தண்ணீர் படாது, பின்பக்கம் கறையான் மண் ஏறினால் உடனே கண்ணில் படும். பக்கத்து அலமாரியில் ஏறியது, பெட்டிக்கு வரவில்லை.

அக்கம்பக்கம் பொதுச்சுவர் உள்ள வரிசை வீடுகளுக்கு இது தோதுப்படாது. 28 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 மீட்டர், ஒன்பது அங்குலச் சுவர் அதை முழுதாகத் தடுக்காது. நாங்களே இரவு பத்துக்கு மேல் சப்பை அணைத்துவிடுகிறோம். பத்துக்குப் பத்து அறைதான் உள்ளது என்றால் 12 அங்குலம் வேண்டாம், 10 அங்குலம் இரண்டு போதும். அப்போதும் பலகை 710-தான், பெட்டியின் அளவை மட்டும் உங்கள் டிரைவரின் தாளைப் பார்த்துப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.