பிளஸ் டூ முடித்ததுமா, பட்டம் வாங்கிய பிறகா? விமானிப் பயிற்சியை எப்போது தொடங்கலாம்

வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) பட்டம் கேட்பதில்லை. 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, 200 மணி நேரப் பறப்பு, டிஜிசிஏ தேர்வுகளில் தேர்ச்சி ஆகியவை வேண்டும்.

வயது
பிளஸ் டூ: 20, 21-இல் உரிமம் கிடைக்கும்.
பட்டம்: மூன்று, நான்கு ஆண்டு தள்ளும்.

தேர்வுத் தாள்கள்
பிளஸ் டூ: இயற்பியல், கணிதம் மறந்திருக்காது.
பட்டம்: கல்லூரியில் படித்துக்கொண்டே வானிலை, வழிசெலுத்தல், விமான விதிகள் எழுதிவிடலாம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும்.

பணம்
இருவருக்கும் பல பத்து லட்சம். ஏர்லைன்ஸ் ஆளெடுப்பு நின்றால், பட்டதாரிக்கு வேறு வேலை உண்டு, கடனைக் கட்டலாம்.

எந்த வழியானாலும், கட்டணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். நிறக்குருடு அங்கேதான் தெரியவரும். முழுப் பணமும் கையில் இல்லாமல் பறக்கத் தொடங்கவும் வேண்டாம். நடுவில் நின்றால் கை பழக்கம் போய், பறந்த பாடங்களையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க நேரும்.

மருத்துவச் சான்றும் பணமும் தயார் என்றால் பிளஸ் டூ முடித்ததுமே சேருங்கள். வீட்டை அடமானம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பட்டம் முதலில்.