குடமுருட்டியில் ஒரு படகுச் சவாரி, சர்பத் உட்பட

மாப்பிள்ளை போனில் அனுப்பிய விளம்பரத்தில் 'ஆற்றில் 45 நிமிடப் படகுச் சவாரி, பானங்கள் உட்பட, அளவில்லாமல்' என்று போட்டிருந்தது. பானங்கள் என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "ஏங்க, புள்ளைய வச்சுக்கிட்டு அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போவணுமா?" என்றாள். அப்புறம் அவளே போன் போட்டு விசாரித்தாள். நன்னாரி சர்பத், நீர்மோர், கரையேறியதும் பில்டர் காபி, அவ்வளவுதான். வறுத்த மீன் வேண்டுமானால் தனிக் காசு. புரட்டாசி என்பதால் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

பெரியவர்களுக்குத் தலைக்கு 450 ரூபாய், ஏழு வயதுப் பேத்திக்கு 250. நாங்கள் ஐந்து பேர். எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் நான் 31 வருஷம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவன். டெல்டாக்காரர்களுக்கு லஸ்கர் யார் என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகு ஷட்டரைத் தூக்குவது, இறக்குவது, காலையும் மாலையும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மேலே சொல்வது, மழைக்காலத்தில் ராத்திரி டார்ச் லைட்டோடு கரையில் நடந்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. நான் ஓய்வு பெற்ற பிறகு அது நீர்வளத்துறை என்று தனியாகப் பிரிந்துவிட்டது. பெயர் மாறினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தானே, அதில் போக 450 ரூபாயா என்று கேட்டேன்.

"முப்பத்தோரு வருஷம் ஆத்தைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, ஒரு நாளாவது எங்களைத் தண்ணியில கூட்டிக்கிட்டுப் போனீங்களா?" என்றாள் மனைவி. மாப்பிள்ளை, "விடுங்க மாமா, நான் பணம் கட்டிட்டேன்" என்றார். சரி என்று கிளம்பினோம்.

இடம் கண்டியூர்ப் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர்களே இரண்டு மூன்று அறை கட்டி வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறார்கள், கூடவே படகும் விடுகிறார்கள். கீழே சில குறைகள் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். போகிற வழியே பேத்திக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற அந்தச் சின்னச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து பாலம் வரும். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர் ஆற்றுப்பாலத்தையும் சேர்த்து எண்ணியதால் கணக்கு ஒன்று கூடிவிட்டது. அது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த புது ஆறு, திருவையாற்றின் ஐந்தில் அது சேராது என்று சொன்னேன். "ஆறுன்னுதானே சொல்றீங்க, அப்ப ஏன் சேராது?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

படகுத்துறை என்று தனியாக எதுவும் கட்டவில்லை. பழைய படித்துறைதான். அதைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், இதற்கு ஒரு பாராட்டு. ஆனால் படியில் கால் வைத்ததுமே எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீருக்கு மேலே ஒரு படி முழுக்க ஈரமாக இருந்தது. ஈரத்துக்கும் காய்ந்த கல்லுக்கும் நடுவில் கோடு போட்டது போல ஒரு விளிம்பு, அதில் பொடிப்பொடியாக நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. சில நத்தை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அதாவது காலையிலிருந்து தண்ணீர் முக்கால் அடி இறங்கியிருக்கிறது, அதுவும் சற்று முன்புதான். மேலே எங்கோ தலைமதகில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். படகோட்டும் தம்பியிடம், "தண்ணி எறங்குது போலிருக்கே, தரை தட்டாதா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்" என்றான். தட்டியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

எட்டுப் பேர் உட்காரும் பைபர் படகு, பின்னால் மோட்டார், மேலே துணிக் கூரை. எங்களோடு சென்னையிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதியும் ஏறினார்கள். உட்கார்ந்ததும் சர்பத் கொடுத்துவிட்டார்கள். உயரமான கண்ணாடித் தம்ளர், அடியில் ஊறிய சப்ஜா விதை தவளை முட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பேத்தி அதையேதான் சொன்னாள், சொல்லிவிட்டுக் குடிக்க மாட்டேன் என்றாள். நான் குடித்தேன். பாட்டில் சிரப்பில் தண்ணீரை ஊற்றியதில்லை, நன்னாரி வேரின் அந்த மண் வாசனை உண்மையிலேயே இருந்தது. எலுமிச்சையும் அளவாக இருந்தது. இனிப்புதான் ஒரு சுற்றுக் கூடுதல்.

படகு கிழக்கே, தண்ணீர் போகிற திசையில் போகிறது. இந்தப் பாதி அருமை, இதற்காக மட்டும் காசு கொடுக்கலாம். தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு மூங்கில் கழியால் ஊன்றிக்கொண்டே வந்தான். சத்தமே இல்லை. கரையில் நடக்கிறவனுக்கு ஆறு எப்போதும் கீழே இருக்கும். படகில் உட்கார்ந்தால் கரை மேலே போய்விடுகிறது. மூங்கில் கொத்து தலைக்கு மேல் கவிழ்ந்து, அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. எத்தனையோ ராத்திரி அந்த மாதிரிக் கரை மேல் நடந்திருக்கிறேன், அடியில் தண்ணீர் இவ்வளவு குடைந்திருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஓரமாக நடந்திருப்பேன்.

மீன்கொத்தி இரண்டு, நீர்க்காகம் ஒரு கூட்டம், கொக்குக்குக் கணக்கில்லை. ஒரு மருத மரத்தடியில் அம்மா ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சென்னைப் பிள்ளை செல்போனை நீட்டியதும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுகிற தம்பியாவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பெண்கள் குளிக்கிற துறையைத் தாண்டும்போது போனை உள்ளே வையுங்கள் என்று ஒரு அட்டை எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும்?

இனி குறைகள். முதல் குறை பெரியது, மற்றதெல்லாம் சில்லறை.

சவாரி ஒரு கதவணை வரைக்கும்தான், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய தடுப்பு. அதைத் தாண்டிப் படகு போக வழியில்லை, திரும்பத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தம்பி படம் எடுக்க வசதியாக இருக்கும் என்று மோட்டாரைப் போட்டு ஷட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனான். இரண்டு ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. மேல்பக்கம் பார்க்கக் குளம் மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். அடியில் முழுத் தண்ணீரும் அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் ஓடும். முழு வாழைமரம் ஒன்று மெதுவாக மிதந்து வந்து, ஷட்டர் பக்கத்தில் சட்டென்று நட்டுக்க நின்று, உள்ளே போய்விட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "தம்பி, திருப்புப்பா! ஷட்டர் கிட்ட போவாத!" என்று கத்திவிட்டேன். படகில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள், "அப்பா, மெதுவா" என்றாள். மெதுவாகவெல்லாம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் லைப் ஜாக்கெட் போட்டிருந்தது பேத்தி ஒருத்திதான். பெரியவர்களுக்கு உள்ளதெல்லாம் சீட்டுக்கு அடியில் கட்டாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், இரண்டில் கொக்கியே இல்லை.

தோப்புக்காரரிடம் இறங்கியதும் சொன்னேன். "ஒரு நூறு மீட்டருக்கு முன்னாலயே ஒரு கயிறு கட்டி மிதவை போட்டுடறோம்ங்க" என்றார். அனுமதிக் கடிதம் என்று சுவரில் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நான் படிக்கப் போனதும், காபி ஆறுது சார் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

தரை தட்டியது திரும்பும்போது. நடு ஆற்றில் மணல் திட்டு, அதற்கு மேல் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. தம்பி இறங்கித் தள்ளினான், மாப்பிள்ளையும் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். பத்து நிமிஷம் ஆனது. நகர்ந்த பிறகு மோட்டார் விசிறியில் வெங்காயத்தாமரை சுற்றிக்கொண்டது. அதை எடுக்க இன்னொரு ஐந்து நிமிஷம். இதில் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் அவன் கையில் இல்லை.

இதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அங்கே திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அப்புறம்தான் இங்கே. ஜனவரி 28-ல் மூடுவது கணக்கு. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அணையில் தண்ணீர் குறைந்தால் கல்லணையில் முறை வைப்பார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. குடமுருட்டி காவிரியில் பிரிகிற ஆறு, வெட்டாறு வெண்ணாற்றில் பிரிகிற ஆறு. அதனால் வெண்ணாற்று முறையில் சாலையில் வருகிறவர்கள் வெட்டாற்றைப் பார்த்து ஆகா என்று சொல்லிவிட்டு, அடுத்த பாலத்தில் மணலைப் பார்ப்பார்கள். விளம்பரத்தில் 'வருடம் முழுவதும்' என்று போட்டிருப்பது பொய். மாசியில் வந்தால் படகுக்குப் பதில் மாட்டுவண்டிதான் போகும். முதல் நாள் போன் போட்டு, 'படகு ஓடுமா' என்று கேட்காதீர்கள், ஓடும் என்றுதான் சொல்வார்கள். 'படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது' என்று கேளுங்கள். மூன்று படி முழுகியிருந்தால் வரலாம்.

அடுத்தது இந்தப் பானக் கணக்கு. போகும்போது கிழக்கு, தண்ணீரோடு, நிழல், பதினைந்து நிமிஷம். யாருக்கும் தாகமே இல்லை. அப்போது சர்பத்தைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். திரும்பும்போது மேற்கு, எதிர்த் தண்ணீர், நாலரை மணி வெயில் நேராக மூஞ்சியில். துணிக் கூரை தலைக்கு மேல்தான், முன்னால் மறைப்பில்லை. தரை தட்டியதையும் சேர்த்து எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அப்போது கேட்டால் ஐஸ் பெட்டியில் மோர் மூன்று டம்ளர்தான் மிச்சம். ஏழு பேருக்கு, தம்பியோடு எட்டுப் பேருக்கு, மூன்று டம்ளர். அளவில்லாமல் என்று போட்டது எதை வைத்து? அந்த மோர் நன்றாக வேறு இருந்து தொலைத்தது. இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். பேத்திக்கு ஒன்று, சென்னைப் பெண்ணுக்கு ஒன்று, தள்ளின தம்பிக்கு ஒன்று என்று கொடுத்தோம். சர்பத்தைத் திரும்பும்போது கொடுங்கள் ஐயா. செலவு ஒன்றும் கூடாது.

திரும்பும் வழியில் கரைச் சுவரில் பழைய கேஜ் பலகை ஒன்று தெரிந்தது. தண்ணீர் மட்டம் பார்க்கிற பலகை, வெள்ளையில் கறுப்பு எண். கீழ்ப்பாதியில் பாசி ஏறி எண் மறைந்திருந்தது. பேத்தி மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்து, எண் தெரியாத இடத்தில் நிறுத்தி, "இதுக்குக் கீழ எப்படி தாத்தா பாப்பீங்க?" என்றாள். கீழே இறங்கி, கையால் பாசியைத் துடைத்துப் பார்ப்பேன் என்றேன். "தெனமுமா?" என்றாள். தினமும், இரண்டு வேளை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பார்த்தாள்.

கரையேறியதும் காபி. பித்தளை டபரா செட், டிகாக்‌ஷன் அப்போது இறக்கியது, பால் பக்கத்து வீட்டு மாட்டுப் பால். கூடவே ஆளுக்கு ஒரு கரண்டி அசோகா அல்வா, வாழை இலைத் துண்டில். திருவையாறு பக்கத்தில் இருந்துகொண்டு அசோகா நன்றாக இல்லாவிட்டால்தான் அதிசயம், ஆனாலும் இதில் நெய் கையில் ஒட்டியது, பாசிப்பருப்பு வாசனை தெரிந்தது. மகள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

நான் இரண்டாவது காபி கேட்டேன். கொண்டு வந்து வைத்துவிட்டு, அதுக்கு 30 ரூபாய் தனி என்றார்கள். விளம்பரத்தில் அளவில்லாமல் என்று இருக்கிறதே என்று மாப்பிள்ளை போனை எடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.