வாசலுக்கு எந்த மரம்: வேம்பா, புங்கனா, பூவரசா?

வீட்டு முன்புறம் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், தமிழ்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் வைக்கிறோம். மூன்றும் நல்ல மரங்கள். ஆனால் ஒன்றுக்கு உகந்த மண் இன்னொன்றைக் கொன்றுவிடும். அதனால் மரத்தைத் தேர்ந்தெடுக்குமுன் மழை பெய்த மறுநாள் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறதா, வடிந்துவிட்டதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தேங்கி நின்றால் வேம்பை மறந்துவிடலாம். வறட்சியை அது தாங்குகிற அளவுக்கு மற்ற இரண்டும் தாங்கா. ஆனால் வேர் நீரில் ஊறினால் அழுகி, கன்று ஒரே மழைக்காலத்தில் போய்விடும். மேட்டு நிலம், செம்மண் அல்லது சரளை மண், ஐம்பது அடி வரை வளர மேலே தடையில்லாத வெளி, சுவரிலிருந்து 15 அடி தள்ளி இடம், இவ்வளவும் இருந்தால் வேம்பை மிஞ்ச ஆளில்லை. ஆனி, ஆடியில் பழுக்கும் பழத்துக்கு மைனாவும் குயிலும் வரும். கீழே விழும் கொட்டை புண்ணாக்குக்கும் எண்ணெய்க்கும் ஆகும். விதை போட்டு வளர்ப்பவர்கள் பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். அதற்கு மேல் முளைப்புத் திறன் வேகமாகக் குறைந்துவிடும்.

மழைக்காலம் முடியும்போது வேம்பின் கொழுந்துகள் நுனியிலிருந்து கருகி, மரமே தீயில் பொசுங்கியது போலத் தெரிவதுண்டு. 2021-இல் தெலங்கானாவில் இது பரவலாக வந்தபோது மக்கள் கலங்கிப் போனார்கள். கொழுந்தில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சியும், நுனியைக் கருக்கும் பூசணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. மரம் செத்துவிட்டது என்று கோடரியை எடுத்துவிடாதீர்கள். காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டிவிட்டுக் காத்திருந்தால், பெரும்பாலான மரங்கள் அடுத்த கோடையில் துளிர்த்துவிடும்.

நிழலுக்காக மட்டும் என்றால் புங்கன்தான். இலை நெருக்கமானது, கிளை தாழ்ந்து குடைபோல் விரியும். மாசியில் இலை உதிர்த்தாலும் வெயில் ஏறும் முன் பளபளவென்று புது இலை விட்டுவிடும். மரத்தடியில் குளுமை தெரிவதற்குக் காரணம் நிழல் மட்டுமல்ல. இலை வழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை அது எடுத்துக்கொண்டு போகிறது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தையும் சேர்க்கும். தேங்கிய நீர், ஓரளவு உப்பு, களிமண் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். இலைமேல் கொப்புளம் கொப்புளமாக வருவது சிலந்திப்பேன் வேலை. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் மரத்துக்கு ஆபத்தில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை. உண்மையான தொந்தரவு பக்கவேரிலிருந்து கிளம்பும் கன்றுகள்தான். சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். சுவரிலிருந்து 10 அடி போதும்.

கடற்கரை ஊர், உப்புக் கிணறு என்றால் பூவரசு. ஆண்டு முழுவதும் இலை நிற்கும், உப்புக் காற்றில் வாடாது. பலரும் இதைப் போத்து, அதாவது தடித்த கிளைத் துண்டு, வெட்டி நடுகிறார்கள். ஆறடிப் போத்து சீக்கிரம் தழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது, புயல் காற்றில் சாயும் ஆபத்து அதிகம். வேலிக்குப் போத்து வையுங்கள், வாசலுக்கு விதைக் கன்றே வையுங்கள். காய் விழும் இடத்தில் கூட்டமாகச் சேரும் சிவப்புப் பூச்சிகள் மனிதரைக் கடிப்பதில்லை, குழந்தைகள் பயப்பட வேண்டாம்.

சீக்கிரம் வளர்கிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரத்தை வாங்கிவிடாதீர்கள். அதை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் தடை விதித்துவிட்டது.

எந்த மரமானாலும் வீட்டின் மேற்குப் பக்கம் இடமிருந்தால் அங்கேதான் முதலில் வைக்க வேண்டும். பிற்பகல் வெயில் மேலைச் சுவரைச் சூடாக்கி, அந்தச் சூடு இரவெல்லாம் அறைக்குள் இறங்குகிறது. கிழக்கு வாசலில் நிற்கும் மரத்தால் அதைத் தடுக்க முடியாது.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். நீளம், அகலம், ஆழம் இரண்டிரண்டு அடியில் குழி, மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் கறையான் வரும். நாற்றுப் பையில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் கத்தியால் கீறிவிட்டு நட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுருள் அப்படியே பருத்து, பத்து ஆண்டு கழித்துப் பெருங்காற்றில் மரம் அடியோடு பெயரும். மழையில்லாத நாளில் முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து லிட்டர், பிறகு வாரம் இருபது லிட்டர். இரண்டாவது கோடை தாண்டும் வரை இதை நிறுத்தக் கூடாது.

பிறகு தெருவுக்குச் சிமென்ட் போட ஆள் வருவார்கள். அன்று வாசலிலேயே நின்று, அடிமரத்தைச் சுற்றி நான்கடிக்கு நான்கடி மண்ணை மூடாமல் விடச் சொல்லுங்கள்.