விடாமல் கசியும் இன்ஜின் ஆயில்: பழைய காரில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது

காருக்கு அடியில் ஆயில் சொட்டும் இடத்திலேயே கோளாறும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜினின் உச்சியில் உள்ள மூடியான ஹெட் கவரின் முன் மூலையில் கசிந்தது பிளாக்கின் விளிம்பைப் பிடித்து ஊர்ந்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் ஓரமாக வழிந்து, கடைசியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்குக்கு அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்ததும், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம் கெட்டுவிட்டதாக எண்ணி, "பின் கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதிகமாக நடக்கும் தவறும், அதிகச் செலவு வைக்கும் தவறும் இதுதான். தேட வேண்டியது நனைந்த இடங்களில் ஆக மேலே, ஆக முன்னால் உள்ள புள்ளியை. ஊற்றுக்கண் அங்கே இருக்கும், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன. டீசலிலும் முறை இதேதான். அங்கே வாக்குவம் பம்ப், டர்போவின் ஆயில் குழாய்கள் என்று பார்க்க வேண்டிய இடங்கள் கூடும்.

முதலில் சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று வெள்ளைத் தாளில் தொட்டுப் பாருங்கள். பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாகவோ பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ இருக்கும். கந்தக வாடை தூக்கலாக அடித்தால் மேனுவல் கியர்பாக்ஸின் ஆயில்.

அடுத்து, எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவைத்தால் சொட்டு விழும் இடம் துல்லியமாகத் தெரியும். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. ஒரு இரவுக்கு 10 சொட்டு விழுந்தாலும் மாதத்துக்கு 15 மி.லி.தான் ஆகிறது. அதே மாதத்தில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அரை லிட்டர் இறங்கியிருந்தால், மீதி ஓடும்போது கசிகிறது அல்லது உள்ளேயே எரிகிறது. இந்தக் கணக்கு தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் போன்றவை அழுத்தத்தில் உள்ள இடங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அங்கே சாதாரணமாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். இன்ஜினை நிறுத்தினால் கசிவும் கிட்டத்தட்ட நின்றுவிடும். சம்ப் பேக்கிங் (இணைப்பின் இடையே வைக்கும் அடைப்பு), ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் போன்றவை வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒழுகும்.

இன்ஜினைக் கழுவாமல் தேடுவது வீண் வேலை. இன்ஜின் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிசூட்டில் தண்ணீர் படக் கூடாது. ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பாலித்தீனால் கட்டிவிட்டு, ஆயில் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் அடித்து 10 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தம் குறைந்த தண்ணீரில் அலசுங்கள். பிளாக்கின் பின்புறம், மவுண்ட் பிராக்கெட்டுகளின் இடுக்கு, சம்ப்பின் விளிம்பு ஆகியவற்றைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பழைய ஆயில் அங்கே மிச்சமிருந்தால், கழுவிய மூன்றாம் நாள் சூட்டில் இளகி வழிந்து புதுக் கசிவு போலவே ஏமாற்றும். காய்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகளை மட்டும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

கழுவியபின் தடம் பிடிக்க இரண்டு வழிகள். ஒன்று பவுடர். சாதாரண டால்கம் பவுடரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு இணைப்புகளின் ஓரமாகத் தூவி, இன்ஜினை 15 நிமிடம் ஓடவிட்டால், ஆயில் வந்த வழி வெள்ளையில் கறுப்புக் கோடாக விழும். ஹெட் கவர், டிஸ்ட்ரிப்யூட்டர் போன்று நேராகக் கண்ணில் படும் இடங்களுக்கு இதுவே போதும். ஃபேன் காற்று படும் முன்பக்கத்தில் பவுடர் நிற்காது, பெல்ட் பக்கம் தூவவும் கூடாது.

மற்றது புற ஊதா ஒளியில் மின்னும் சாயம். 4 லிட்டர் ஆயிலுக்குச் சுமார் 30 மி.லி. என்பது வழக்கமான அளவு, புட்டியில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆயிலுக்கென்றே உள்ள சாயம்தான் வேண்டும், கூலன்ட் சாயம் ஆகாது. ஊற்றும்போது புனல் கட்டாயம். வாயோரம் ஒரு சொட்டு சிந்தினாலும் ஹெட் கவர் முழுக்க மஞ்சள் பச்சையாக மின்னிக் குழப்பும். ஆயில் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தால் மினுக்கம் மங்கிவிடும். ஆயில் மாற்றியதும் சாயம் விடுவது நல்லது. பல கூலன்ட்டுகளும் இந்த ஒளியில் பச்சையாக மின்னும் என்பதை மறந்துவிடாதீர்கள். மெதுவான கசிவுக்கு ஒரே நாளில் பார்க்காமல் 100, 200 கிலோமீட்டர் ஓட்டியபின் இருட்டில் புற ஊதா விளக்கடித்து, மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட காலத்துக்கு உண்மையாகவே பயன் தந்த பொருள் எது என்றால் இந்தச் சாயம்தான். அடுத்த ஆயில் மாற்றம்வரை உள்ளேயே இருந்து, ஒரு கசிவை அடைத்தபின் இரண்டாவது கசிவையும் காட்டிக்கொடுக்கும்.

பேக்கிங் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இதைச் செய்யாததால்தான் நல்ல பேக்கிங் போட்ட இடங்களும் மாதக் கணக்கில் மறுபடி கசிகின்றன. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் வாயுவை கிராங்க் கேஸிலிருந்து வெளியே இழுப்பது பிசிவி வால்வு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை இழுத்து மாட்டுங்கள். கையுறை மெல்ல உள்ளே இழுக்கப்பட்டால் சரி. பலூனாக உப்பினால், எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது.

உப்பினால் முதலில் வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்பதால் மட்டும் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மலிவான பாகம்தான், கழுவி மறுபடி போடுவதைவிடப் புதிதாகவே மாற்றிவிடலாம். அதன் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வண்டல் அடைத்திருக்கும், இல்லையென்றால் சூட்டில் தொய்ந்து உறிஞ்சும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டர் ஹோஸைத் துண்டுபோட்டு அந்த இடத்தில் மாட்டுவது பல வண்டிகளில் உண்டு. ஆயில் ஆவியைத் தாங்கும் ரப்பர் அல்ல அது, சில மாதங்களில் ஊறிக் குழைந்துவிடும். வால்வு, ஹோஸ் இரண்டும் சரியாக இருந்தும் கையுறை உப்பினால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்காமல் மேற்கொண்டு பேக்கிங்குக்குச் செலவு செய்ய வேண்டாம்.

அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் தேடலை மேலிருந்து தொடங்குங்கள். ஹெட் கவர் பேக்கிங்தான் முதல் சந்தேகம். கழற்றிய பழைய பேக்கிங்கை வளைத்துப் பாருங்கள். ரப்பர் வளைய வேண்டும், பிளாஸ்டிக் போல மடிந்து ஒடிந்தால் அதன் காலம் முடிந்தது. அலுமினிய ஹெட்டின் முகத்தை இரும்புச் சுரண்டியால் தேய்க்க வேண்டாம். விழும் கீறல் ஒவ்வொன்றும் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால். பிளாஸ்டிக் சுரண்டியும் பிரேக் கிளீனரும் போதும். கேம் ஷாஃப்டின் முதல் மூடி ஹெட்டோடு சேரும் மூலைகள், ஹெட்டின் ஓரத்தில் உள்ள அரைநிலா ரப்பரின் இரு முனைகள் ஆகிய இடங்களில் மட்டும் மிளகளவு சிலிக்கான் பேஸ்ட் வைத்தால் போதும். சுற்றிலும் பூச வேண்டியதில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் முடுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரும், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணே இறுதி. "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் அலுமினியத்தில் மரை கழன்றுவிடும், தகட்டுக் கவர் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்துவிடும். போல்ட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர்களையும் பேக்கிங்கோடு மாற்ற வேண்டும். அவை கெட்டியாகிச் சுருங்கியிருந்தால் போல்ட் அடிவரை போய் இடித்து நிற்கும், கவர்மேல் அழுத்தம் விழாது. புதுப் பேக்கிங் போட்டும் கசிகிறது என்ற புகாரில் நிறைய இந்த வாஷரில்தான் முடிகிறது.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச் சின்னப் பாகம், ஆனால் பெரிய ஏமாற்றுக்காரன். இது மரை வழியாகக் கசிவதைவிட, உள்ளே உள்ள சவ்வு கிழிந்து நடு முனை வழியாகக் கசிவதே அதிகம். ஒயர் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். அதன் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம், ஸ்விட்ச்சை மாற்றிவிடலாம். பிளாக்கின் பின்புறத்தில் ஸ்விட்ச் உள்ள இன்ஜின்களில் இது அப்படியே பின் கிராங்க் சீல் கசிவு போலத் தெரியும். புதியதில் வெள்ளை டேப் சுற்ற வேண்டாம். டேப்பின் துணுக்கு ஆயில் வழியில் போய் அடைக்கும், ஒற்றை முனை ஸ்விட்ச்சுக்கு மரை வழியாகக் கிடைக்க வேண்டிய எர்த்தும் தடைபடலாம். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு மீதியில் திரவ சீலன்ட் தொட்டால் போதும்.

ஃபில்டரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அதன்மேல் புதியது ஏறினால், அழுத்தம் வந்ததும் பீய்ச்சி அடிக்கும். வளையத்தில் ஆயில் தடவி, ஒட்டியபின் முக்கால் சுற்று கையால் முடுக்கினால் போதும். ட்ரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். டிஸ்ட்ரிப்யூட்டர் அடியிலும் டிப்ஸ்டிக் குழாயின் அடியிலும் உள்ள ஓ ரிங்குகளை (வட்ட ரப்பர் வளையங்கள்) மாற்றுவது பத்து நிமிட வேலை, அவற்றை ஒத்திப்போட வேண்டாம்.

முன் கிராங்க் சீல் கசிந்தால் புல்லியைச் சுற்றி ஆயில் வட்டமாகத் தெறித்திருக்கும். டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறியிருந்தால் கழுவிப் போட வேண்டாம், மாற்றியே ஆக வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய கையோடு கேம் சீலையும் கிராங்க் சீலையும் மாற்றிவிடுங்கள். சீலை எடுத்ததும் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், பழைய ஆழத்திலேயே புது சீலை அடிப்பதில் பலனில்லை. இடமிருந்தால் 1 அல்லது 2 மி.மீ. முன்னே பின்னே வைத்து, ஷாஃப்டைத் தொடும் சீலின் உதடு புது இடத்தில் உட்காருமாறு செய்யலாம், இல்லையென்றால் ஷாஃப்டின்மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீலை உலர்ந்த நிலையில்தான் ஏற்ற வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வீணாகும் சீல்கள் ஏராளம்.

பொருள்களின் ஆயுளைச் சொல்வதென்றால், கார்க் பேக்கிங் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது. நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நாள்பட இறுகிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் உள்ள இடங்களுக்கு சூடு தாங்கும் ரப்பரான விட்டான் வகை கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்கலாம். பேஸ்ட் மட்டுமே போட்டு ஒட்டும் சம்ப்பில் 3 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது அறுந்து விழுந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து இன்ஜினையே கொன்றுவிடும். முகத்தில் துளி ஆயில் இருந்தாலும் பேஸ்ட் ஒட்டாது, 24 மணி நேரம் காயாமல் ஆயில் ஊற்றவும் கூடாது.

ஆயிலில் கலக்கும் கசிவு நிறுத்தி மருந்து ஓரிடத்தில் மட்டும் உதவும். இறுகிப்போன சீல் உதடு லேசாக வேர்க்கும் நிலையில் இருந்தால் அது ரப்பரை ஊறவைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். கார்க், பேஸ்ட் இணைப்பு, உடைந்த ஸ்விட்ச், பள்ளம் விழுந்த ஷாஃப்ட் எதற்கும் அதில் பயனில்லை.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிப் புகைகிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம். அது தீப்பிடிக்கும் விஷயம், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு கசிவை மட்டும் சரிசெய்து, துடைத்து, 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் மறுபடி விளக்கடித்துப் பாருங்கள். இன்ஜினுக்குக் கீழே மூடும் அடித்தட்டு உள்ள வண்டிகளில் அதன் மடிப்பிலும் பஞ்சிலும் தேங்கிய பழைய ஆயில் வேலை முடிந்தபின்னும் பல நாள் சொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தனியாகக் கழற்றிக் கழுவி, முதல் சில நாள் மாட்டாமலே ஓட்டி, அட்டையைப் பார்த்தபின் மாட்டுங்கள்.