மடிநோய்க்கு நாலு குழித் தட்டும் சென்சிடிவிட்டி டெஸ்டும்: எதை எதுவரை நம்பலாம்?

பால் திரிதிரியாக வந்தால் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் முதலில் நடப்பது ஊசிதான். மூன்று நாள் போட்டும் குறையாதபோதுதான் பாலை டெஸ்டுக்குக் கொடுக்கும் பேச்சே எழும். அதற்குள் மருந்து பாலில் ஏறிவிட்டிருக்கும். உயிரோடிருக்கும் கிருமிகூட லேப் தட்டில் வளராமல் போகலாம். 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வரும், வீக்கம் அப்படியே இருக்கும்.

முதலில் சி.எம்.டி. கிட், அதாவது கலிஃபோர்னியா மடிநோய் டெஸ்ட். நாலு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டும் ஒரு பாட்டில் ஊதா திரவமும்தான் சரக்கு. 1957-ல் கலிஃபோர்னியாவில் வந்த முறை. முதல் பீச்சல்களைத் தள்ளிவிட்டுக் காம்புக்கு ஒரு குழியாக 2 மி.லி. பால், அதே அளவு திரவம், 10 வினாடி சுழற்று. திரவம் சோப்பு வகையைச் சேர்ந்தது. பாலில் உள்ள வெள்ளணுக்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவரும், அதுதான் கொழகொழக்கிறது. லேசாகக் கெட்டியானால் ஆரம்பம். முட்டை வெள்ளைக்கருபோல் நடுவில் திரண்டால் அழற்சி அதிகம். சுழற்றும்போதே பார்த்துவிட வேண்டும், லேசான கொழகொழப்பு சில வினாடியில் கரைந்துவிடும். கிட் கிடைக்காத ஊரில் 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்தும் பார்க்கலாம், தோராயமாகக் காட்டிக்கொடுக்கும்.

வெளியே தெரியாத மடிநோயை, எந்தக் காம்பில் என்பதோடு, மாட்டடியிலேயே காட்டுகிறது. அந்த வேலைக்கு இது நல்ல சரக்கு, வாங்கலாம். ஆனால் சீம்பால் நாட்களிலும் பால் வற்றும் சமயத்திலும் நோயில்லாத மடியிலும் திரளும். என்ன கிருமி, எந்த மருந்து என்று இது சொல்லவே சொல்லாது. அதற்கு லேபில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி டெஸ்ட்தான்.

லேப் டெஸ்ட் கெடுவது பெரும்பாலும் தொழுவத்தில். கை, மடி இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் சொட்டினால் சாணிக் கிருமிதான் ட்யூபுக்குள் இறங்கும். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்கவும், பஞ்சில் அழுக்கு ஏறாத வரை. துடைக்கும்போது தூரத்துக் காம்பு முதலில், பால் எடுக்கும்போது கிட்டத்துக் காம்பு முதலில். மாற்றிச் செய்தால் துடைத்த காம்பில் கை உரசும். கிருமிநீக்கிய ட்யூபைச் சாய்த்துப் பிடித்து 3 முதல் 5 மி.லி. போதும். மூடியைக் கவிழ்த்துத் தரையில் வைக்காதீர்கள். ஒரே தட்டில் மூன்று விதக் கிருமி வளர்ந்தால் அது மடிநோய் ரிப்போர்ட் இல்லை, அழுக்கு ரிப்போர்ட்.

சித்திரை வெயிலில் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வரும் நேரத்துக்குள் சட்டைப்பை ட்யூபில் கிருமி பலமடங்கு பெருகும். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் தாராளமாகப் போதும். 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி தாங்கும், ஈ.கோலை என்ற கிருமி குறைந்துபோகும்.

வளர்க்க ஒருநாள், மருந்து வில்லைகள் வைத்துப் பார்க்க மறுநாள் என்று ரிப்போர்ட் கைக்கு வர மூன்றாம் நாளாவது ஆகும். ரிப்போர்ட் வந்ததும் பலரும் 'எஸ்' (கேட்கும்) போட்ட மருந்தை மட்டும் தேடுவார்கள்; 'ஆர்' என்றால் கேட்காது. முதலில் பார்க்கவேண்டியது செஃபாக்சிடின் என்ற மருந்தின் வரி. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு 30 மைக்ரோகிராம் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அந்தக் கிருமியிடம் அந்த எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ அல்லது மெக்-சி மரபணு இருக்கும். பெனிசிலின் வகையோடு, மடிக்குள் ஏற்றும் செஃபலோஸ்போரின் ட்யூபும் வீண்செலவு. அந்த வரியே இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான், பணம் கட்டுமுன்பே கேட்டுவிடுங்கள். வெறும் எஸ், ஆர் எழுத்தோடு நிறுத்தாமல் மி.மீ. அளவும் தரும் லேபுக்குக் கூடுதல் மதிப்பெண். ஈ.கோலை என்றால் செஃபோடாக்சிம் வில்லையைத் தனியாகவும், கிளாவுலானிக் அமிலம் சேர்த்தும் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சேர்த்த வில்லையின் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்குமேல் கூடினால் ஈ.எஸ்.பி.எல்., அதாவது பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் இருக்கிறது.

இந்த டெஸ்டின் பலவீனம் இரண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எல்லா நாளும் பாலில் இறங்காது, சி.எம்.டி. தொடர்ந்து திரண்டுகொண்டிருக்க, ரிப்போர்ட் சுத்தம் என்றால் சில நாள் விட்டு மறுபடி அனுப்ப வேண்டும். மற்றது, தட்டில் சாகிற கிருமி மடியில் சாகும் என்பதில்லை. நாள்பட்ட மடியில் அது கட்டிக்குள் பதுங்கிக்கொள்ளும், மருந்து எட்டாது. அந்தக் காம்பை வற்றவைப்பதா, மாட்டையே கழிப்பதா என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய கணக்கு.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்த மாட்டைக் கடைசியில் கறந்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கறப்பவர் தோலிலும் மூக்கிலும் அது குடியேறும். சிகிச்சை நடக்கும்வரையும், பிறகு மருந்து அட்டையில் போட்ட நாள்வரையும் பால் சொசைட்டிக்குப் போகக்கூடாது, கன்றுக்கும் ஊற்றக்கூடாது.