ஜிம் ஸ்டைன்ஸ் பிரேம்: தையல் வடிவு, தகடு பிழை

மகனின் பதினான்காவது பிறந்தநாளுக்கு, ஆஸ்திரேலியக் காற்பந்து ஆட்டக்காரர் ஜிம் ஸ்டைன்ஸின் பிரேம் ஒன்று வாங்கினேன். மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில், விளையாட்டு நினைவுப்பொருட்கள் விற்கும் ஒரு சின்னக் கடை. விலை 340 டொலர். கண்ணாடிக்குள் மெல்பேர்ன் கழகத்தின் 11ஆம் இலக்கச் சட்டை, கருநீலமும் சிவப்பும். பக்கத்தில் மூன்று படங்கள், அடியில் பித்தளை நிறத்தில் ஒரு தகடு. அவர் போட்ட சட்டை இல்லை, அதே மாதிரி தைத்தது. கடைக்காரர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

கையெழுத்தோடு இன்னொரு பிரேமும் இருந்தது, விலை இரண்டு மடங்கு. ஸ்டைன்ஸ் 2012 மார்ச்சில் காலமானவர். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். முன்பு வைத்திருந்தவர் தொலைத்துவிட்டாராம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொன்னதற்காகவே மற்றதை அங்கேயே வாங்கினேன்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டையைப் பசை பூசி ஒட்டாமல், தோளிலும் கீழ் ஓரத்திலும் மெல்லிய நூலால் தைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் தையல் தெரியும். கண்ணாடி துணியில் முட்டவில்லை, ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறது. பாரம் அதிகம், சாதாரண ஆணி தாங்காது. சுவருக்குள் மரம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டியே அரை நாள் போயிற்று. கண்ணாடி கொஞ்சம் மினுங்கும். பின்னேரம் நாலு மணிக்கு ஸ்டைன்ஸின் முகம் தெரியாது, எங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரியும்.

கோளாறு தகட்டில். மாட்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மகன் கட்டிலில் ஏறி நின்று வாசித்துவிட்டு, "அப்பா, இது பிழை" என்றான். 'தொடர்ந்து 264 ஆட்டங்கள்' என்று பொறித்திருந்தது. 264 என்பது அவர் ஆடிய மொத்த ஆட்டங்கள். இடையில் ஒன்றுகூடத் தவறாமல் ஆடியது 244. இருபதுதானே என்று விட மனம் வரவில்லை. அவர் றக் ஆட்டக்காரர், நடுவர் போடும் பந்துக்கு எதிராளியோடு எம்பித் துள்ளுகிறவர். நடுவர் பந்தை எறியும் ஒவ்வொரு தடவையும் எதிராளியின் முழங்கால் விலாவில் ஏறும். அந்த இடத்தில் நின்றுகொண்டு பத்து வருடத்துக்கு மேல் ஒரு வாரமும் வீட்டில் இருக்காத மனிதனுக்குப் பொய்க்கணக்கு எதற்கு? 244 என்பதே போதும்.

மற்ற வரிகள் சரி. டப்ளினிலிருந்து 1984இல் வந்தது, 1991இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம், 2008 முதல் கழகத் தலைவர். பத்திரிகை விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, பதினெட்டு வயதில் விமானம் ஏறியவர் என்பது அதில் இல்லை. அயர்லாந்தில் உருண்டைப் பந்து உதைத்துப் பழகிய காலுக்கு இங்கே இரண்டு முனையும் நீண்ட பந்து. அதை நேராக உதைக்கப் பழகுவதே அவருக்குப் பெரும்பாடு. வந்த நாட்டில் எல்லாவற்றையும் புதிதாகப் பழகிய எங்களுக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது.

அதைவிட 1987 இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் முல்கிரேவ். இப்போது வீடுகள் சூழ்ந்திருக்கும் அந்தப் பழைய மைதானத்தில்தான் ஹோத்தோர்ன் கழகத்துடன் அரையிறுதி போன்ற அந்த ஆட்டம் நடந்தது. வென்றால் 1964க்குப் பிறகு மெல்பேர்ன் முதன்முறையாக இறுதிக்குப் போகும். ஆட்டம் முடியும் சைரன் ஊதும்போது மெல்பேர்ன் நாலு புள்ளி முன்னே. ஹோத்தோர்னின் கரி பக்கனாராவுக்கு ஒரே ஒரு உதை பாக்கி, அதுவும் தூரத்திலிருந்து. அந்த நேரம் பார்த்து ஸ்டைன்ஸ் அவருக்குக் குறுக்கே ஓடினார். அது தவறு என்று, அன்றைய விதிப்படி பக்கனாராவை 15 மீற்றர் முன்னே கொண்டுபோய் விட்டார் நடுவர். கோல், அதற்கு ஆறு புள்ளி. இரண்டு புள்ளியில் தோல்வி. ஸ்டைன்ஸுக்கு அப்போது வயது 21, இந்த விளையாட்டைத் தொட்டு மூன்று வருடமும் ஆகவில்லை. நாலு வருடம் கழித்து லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பதக்கம் வாங்கியது இதே ஆள். குறுக்கே ஓடியதைச் சொல்லாமல் பதக்கத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான்.

இதைக் கடைக்காரரிடமும் சொன்னேன். தோற்றதைச் சுவரில் மாட்ட யார் காசு கொடுப்பார்கள் என்று சிரித்தார். அவர் சொல்வதும் வியாபாரம்தான்.

264ஐ ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் தகடு மாற்றித் தந்தார். மூன்று கிழமை எடுத்தது, இரண்டு தடவை நான்தான் அழைத்து நினைவூட்டினேன். புது எண் சரி, தகடு ஒரு நூல் சரிந்திருக்கிறது. மகனுக்கு அது கண்ணில் படவில்லை, எனக்கு ஒவ்வொரு நாளும் படுகிறது.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் காசு கொடுக்க முதல் தகட்டை வரிவரியாக வாசியுங்கள். திங்கட்கிழமை கடை பூட்டு.