‘ஷார்ட்லிஸ்ட் நம்ம கையில’: பைலட் வேலைக்குக் காத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடித்துவிட்டு ஏர்லைன் அழைப்புக்காகக் காத்திருப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பணம் அனுப்புங்கள். டெல்லி துவாரகாவில் பைலட் இன்டர்வியூவுக்குத் தயார் செய்வதாகச் சொல்லும் ஒரு நிறுவனம் என்னிடம் மூன்று தவணையாக 1,80,000 ரூபாய் வாங்கியது. பதிலுக்குக் கிடைத்தவை ஒரு பழைய பிடிஎஃப், சுவரோரமாக வைத்த ஒரு விளையாட்டு சிமுலேட்டர், ஒரு போலி அழைப்புக் கடிதம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் இவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே அடையாளம் தெரியும். இதே பாணியில் வேறு சிலரும் கடை விரித்திருக்கிறார்கள்.

துவாரகா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், டிஜிசிஏ (லைசென்ஸ் கொடுக்கும் அரசு விமானப் போக்குவரத்து அமைப்பு) நடத்தும் தேர்வுகளுக்கான கிரவுண்ட் கிளாஸ் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதில் நல்ல இடங்களும் உண்டு. நேவிகேஷன் பேப்பரை எனக்குப் புரியவைத்தவர் அங்கே பாடம் எடுக்கும் ஒரு வாத்தியார்தான். அதனால் துவாரகா என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்ல கடைகளுக்கு நடுவில் இருப்பதுதான் இவர்களுக்கு வசதி.

இவர்களுக்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது? 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. ஜூனில் இண்டிகோ 500 என்றது. பைலட் பஞ்சம் வரப்போகிறது என்று டிவியில் தினமும் பேச்சு. அரை கோடிக்கு மேல் செலவழித்துப் பையன்களும் பெண்களும் பறக்கப் போனார்கள். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானம் மறுநாளே வந்து நின்றுவிடாது, டெலிவரி பல வருஷம் இழுக்கும். அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. ஏ320 ரக விமானம் ஓட்டிப் பழகிய அவர்களுடைய பைலட்டுகளும் வேலை தேடி வந்தார்கள். அந்த வரிசையில் 200 மணி நேரம் மட்டும் பறந்த புது ஆளுக்கு என்ன இடம்? சும்மா காத்திருக்கவும் முடியாது. கிளாஸ் ஒன் மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்றை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (ஐஆர்) அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் காசு. வீட்டில் லோன் தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் போன் வரும்.

எனக்கு வந்தது ஒரு தமிழ் கோஆர்டினேட்டரிடமிருந்து. தென்னிந்தியப் பிள்ளைகளைப் பேசிப் பிடிப்பதற்கென்றே அவரை வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. “தம்பி, ஊரு திருநெல்வேலியா? நம்ம பக்கம்தான். நம்ம கேப்டன் சாருக்கு ஹெச்ஆர்ல நேரடி லிங்க் இருக்கு. ரிட்டன், சைக்கோமெட்ரிக், சிம், இன்டர்வியூ எல்லாம் நாங்களே தயார் பண்ணுவோம். ஷார்ட்லிஸ்ட் நம்ம கையில.” அவர்களுடைய இணையப் பக்கத்தில் வேலை கிடைத்தவர்கள் என்று வரிசையாக போட்டோக்கள். அதில் என்னோடு பறந்த ஒருவன் முகமும் இருந்தது. அவன் அங்கே போனது ஒரே ஒரு இலவச டெமோ வகுப்புக்கு. வேலை வாங்கியது சொந்தமாகப் படித்து. போட்டோ போட்டது அவனுக்கே தெரியாது. கோச்சிங் விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தேர்ச்சி பெற்றவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் பெயரையோ படத்தையோ போடக் கூடாது. வேலை உறுதி என்று பொய்யாக அடித்துவிடவும் கூடாது.

முதலில் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ 40,000. அடுத்தது ஏ320 சிமுலேட்டர் பயிற்சிக்கு 85,000. குருகிராமில் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில் (நிஜ காக்பிட் போலவே அசையும் பயிற்சிக் கருவி) ஸ்லாட் போட்டிருக்கிறோம் என்றார்கள். போய் இறங்கியது துவாரகாவிலேயே ஒரு ஃபிளாட்டின் இரண்டாவது மாடி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மூன்று கம்ப்யூட்டர் மானிட்டர், கடையில் விற்கும் ஜாய்ஸ்டிக், அதைத் தாங்க ஒரு பிளைவுட் பலகை. கேட்டதற்கு, “ஃபுல் சிம்முல பிரேக்டவுன், இதுலயும் லாஜிக் ஒண்ணுதான்” என்று பதில். டேக் ஆஃபில் எஞ்சின் ஃபெயிலியர் கொடுத்தார்கள். மூக்கு ஒரு பக்கம் இழுத்தது, எதிர்ப் பக்க ரட்டரை மிதித்தேன். பெடல் பெட்டியே டைல்ஸ் தரையில் சறுக்கிக்கொண்டு சுவர்வரை போய்விட்டது. இன்ஸ்ட்ரக்டர் எழுந்து வந்து பெட்டிக்குப் பின்னால் தன் ஷூவை முட்டுக்கொடுத்து, “இப்போ மிதிங்க” என்றார். அன்றைக்கு நாலு பேர், ஆளுக்கு அரை மணி நேரம்கூடத் தேறவில்லை. இதற்குத்தான் 85,000.

ஏர்லைன் சிம் சோதனையில் புது ஆளிடம் பெரிய வித்தை எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆட்டோபைலட்டும், திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டரும் இல்லாமல் ஐஎல்எஸ் (ரன்வேக்கு இறங்க வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) பிடிக்கத் தெரிகிறதா, கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் ஸ்கேன் உடையாமல் இருக்கிறதா, பக்கத்து சீட்காரரோடு பேசி வேலை செய்கிறாரா, தப்பைச் சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்கிறாரா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். இதைப் பழக ஜாய்ஸ்டிக் போதும் என்றால் அதை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமே!

பிடிஎஃப் பற்றி. 1934ஆம் வருஷ ஏர்கிராஃப்ட் சட்டம் பற்றி அதில் நாலு பக்கம் இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விமான ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டிஜிசிஏவுக்குக் கொண்டுவந்ததும் அந்தப் புதுச் சட்டம்தான். ரெகுலேஷன் கேள்வியில் இந்தப் பிடிஎஃபை நம்பி வாயைத் திறந்தால் அங்கேயே முடிந்தது. கம்பாஸ் என்ற கம்ப்யூட்டர் தேர்வு மாதிரியான திறன் சோதனைக்கு ‘பிராக்டிஸ் மெட்டீரியல்’ என்று கொடுத்தது ஏதோ மொபைல் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகள். கையும் காலும் கண்ணும் சேர்ந்து ஓட வேண்டிய சோதனைக்கு, அச்சடித்த படத்தை வைத்துக்கொண்டு எதைப் பழகுவது?

மாக் இன்டர்வியூ இதைவிட மோசம். தோளில் நாலு பட்டையோடு வந்த ‘கேப்டன்’ என்னிடம் டேக் ஆஃபில் வரும் வி1 வேகம் என்றால் என்ன என்றார். டேக் ஆஃபைக் கைவிடுவதென்றால் அதற்கான முதல் செயலை அந்த வேகத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், முடிவு அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்றேன். “டெக்ஸ்ட்புக் பேச்சு வேண்டாம். வி1 வந்ததும் நின்று நிதானமாக முடிவெடுப்பதுதான் வி1” என்று என்னைத் திருத்தினார். அந்த வேகத்தில் யோசிக்க ஆரம்பித்தால் மிச்சமிருக்கும் ரன்வேயில் விமானம் நிற்காது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதிலை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள்: மொட்டை மாடியில் நின்று விமானம் பார்த்த குழந்தைப் பருவம். ஒரே பேனலின் முன்னால் வரிசையாக நாலு பேர் அதே மொட்டை மாடியைச் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

வேலை கிடைத்த என் நண்பனிடம் பேனல் என்ன கேட்டது தெரியுமா? ஹைட்ரோபிளேனிங் வேகம், அதாவது ஈர ரன்வேயில் டயர் தரைப் பிடிப்பை இழந்து தண்ணீர்மேல் ஏறும் வேகம் கேட்டார்கள். டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்க வேண்டும் என்றான். 200 பிஎஸ்ஐ என்றால் சுமார் 127 நாட். அடுத்த கேள்வி: லேண்டிங்கில் டயர் தரையைத் தொடும்போது 9க்குப் பதிலாக 7.7 என்கிறார்களே, ஏன்? தொடும் நொடியில் டயர் சுழலவில்லை, அதனால் சுமார் 109 நாட்டிலேயே தண்ணீர்மேல் ஏறிவிடும் என்று விளக்கினான். அப்புறம் பறந்த மணிநேரங்களை எழுதிவைக்கும் அவனுடைய லாக்புக்கை விரித்து, ஒரு கிராஸ் கன்ட்ரி சார்ட்டியில் (வேறு ஊர்வரை போய்வந்த பயிற்சிப் பறப்பு) விரல் வைத்து, அன்றைக்கு வானிலை எப்படி, ஏன் அந்த ரூட் என்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். ஒரு ‘ஏன்’ போனால் அடுத்த ‘ஏன்’. இதற்கு பிடிஎஃப் போதாது.

லாக்புக் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். “பிஐசி மணிநேரம் கொஞ்சம் ஏத்திக்காட்டலாம், எல்லாரும் செய்யறதுதான்” என்று (பிஐசி என்றால் விமானத்துக்கு நாமே பொறுப்பாக இருந்து பறந்தது) அந்த கோஆர்டினேட்டர் சர்வசாதாரணமாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்டுகள் 2011ல் நம் நாட்டில் கைதானது நினைவிருக்கும். பாகிஸ்தானில் 2020 ஜூனில் 262 பைலட்டுகளின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று அந்நாட்டு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்ல, ஐரோப்பாவுக்குப் பறக்க பாகிஸ்தானின் பிஐஏ விமான நிறுவனத்துக்குத் தடை விழுந்தது. ஒரு மணி நேரம் கூட்டி எழுதி மாட்டினால் லைசென்ஸே போகும். அப்போது அந்த ‘எல்லாரும்’ யாரும் கூட வரமாட்டார்கள்.

மூன்றாவது தவணைதான் முழு மோசடி. ஒரு பெரிய விமான நிறுவனத்தின் பெயரில் மெயில் வந்தது. லெட்டர்ஹெட், லோகோ, ரிப்போர்ட்டிங் தேதி, குருகிராமில் ஒரு ஹோட்டல் பெயர் எல்லாம் இருந்தன. ‘திரும்பத் தரப்படும் அசெஸ்மென்ட் கட்டணம்’ 55,000. பின்னாடியே போன்.

“தம்பி, ராத்திரி 9 மணிக்குள்ள போடுங்க, இல்லைன்னா சீட் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிடும்.”

“அண்ணா, ஏர்லைன் அக்கவுண்ட் இல்லையே, யாரோ ஒரு ஆள் பேர்ல யுபிஐ வருதே?”

“அவங்க வெண்டார் தம்பி. டெஸ்ட் வெளி ஏஜென்சிதானே நடத்துது?”

இந்தப் பதிலில்தான் இவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. சோதனையை வெளி நிறுவனம் நடத்துவது உண்மை. விமான நிறுவனங்களே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்களில் அந்தக் கட்டணத்தை விண்ணப்பிப்பவரே கட்டுவதும் உண்மை. உண்மையான ஒரு நடைமுறைக்குள் தங்கள் யுபிஐ எண்ணைச் செருகிவிட்டார்கள். பணம் போன இரண்டாம் நாள், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்குக் கடிதத்தை அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒரு தேர்வே இல்லை, அந்த மெயில் முகவரி எங்களுடையது அல்ல என்று பதில் வந்தது. அனுப்பிய முகவரியை நிதானமாகப் பார்த்தால் ஏர்லைன் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ‘கேரியர்ஸ்’ என்று சேர்த்திருந்தது. கோஆர்டினேட்டர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அப்பா தன் போனிலிருந்து கூப்பிட்டதற்கு, “ஐயா, நாங்க வழி காட்டத்தான் முடியும், வேலைக்கு உத்தரவாதம்னு எங்கயும் எழுதிக் கொடுக்கலையே” என்றாராம்.

உண்மையான வழி இதுதான்: விமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது அதன் இணையதளத்தில் அறிவிப்பு வரும். நீங்களே உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி சிபிஎல், மெடிக்கல், ஐஆர், ஆர்டிஆர், லாக்புக் விவரங்களை ஏற்ற வேண்டும். எழுத்துத் தேர்வு, திறன் சோதனை, சிம், இன்டர்வியூ என்று நிறுவனத்துக்கு ஏற்றபடி வரிசை மாறும். அழைப்பு வந்தால் அதே கணக்கிலோ நிறுவனத்தின் சொந்த டொமைனிலிருந்தோ வரும். நடுவில் நின்று பெயரை நகர்த்த எந்த அண்ணனுக்கும் இடமில்லை. கட்டணம் ஏதாவது கேட்டால் அந்தத் தொகை அறிவிப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், தனிநபர் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். டைப் ரேட்டிங்கோடு (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி) வேலையும் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அங்கே தொகை லட்சத்தில் இரண்டு இலக்கம். அந்தப் பயிற்சி மையத்துக்கும் அந்த சிமுலேட்டருக்கும் டிஜிசிஏ அனுமதி உண்டா என்று டிஜிசிஏ வெளியிடும் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மையமானாலும் இது பொருந்தும்.

இவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் சிலர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு: யுபிஐயில் போன பணம் என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு எதிர்க் கணக்கை முடக்க வாய்ப்பு. என் 55,000ல் 21,000 அப்படித்தான் முடங்கி நிற்கிறது, மீதியை அதற்குள் எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அவர்கள் கொடுத்த ரசீதின் பின்பக்கம் ‘டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முதல் இரண்டு தவணைக்கும் போட்டிருக்கிறேன், போலிக் கடிதத்துக்கு போலீஸில் தனிப் புகார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அந்தப் பெடல் பெட்டியை யாராவது போட்டோ எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், சாட்சியத்தில் சேர்க்க வேண்டும்.